கேம்பர் வானுக்கு வெளிக் கரண்ட்: கதவைத் தொட்டால் சுள்ளென்கிறது, என்ன செய்யலாம்?

டொல்பின்வான் (மட்டக்களப்பு):

பழைய டொல்பின் வான் ஒன்றைப் படுக்கை, சின்னக் குசினி, 200 ஆம்பியர்-அவர் லித்தியம் பற்றரி, 9000 பிடியூ ஏசி எல்லாம் வைத்துக் கேம்பராக மாற்றியிருக்கிறோம். பகலில் சோலார் போதும். இரவில் ஏசி போட்டால் விடிவதற்கு முன்னமே பற்றரி படுத்துவிடுகிறது. அதனால் தங்கும் இடத்தில் கேட்டுக் கரண்ட் எடுக்க வேண்டியிருக்கிறது.

பொத்துவில் பக்கம் ஒரு கபானா வளவில் நிறுத்தி, அவர்களின் குசினிப் பிளக்கில் இருந்து எக்ஸ்டென்ஷன் இழுத்து வானுக்குக் கொடுத்தோம். ஏசி ஓடுகிறது, பற்றரி சார்ஜ் ஆகிறது. ஆனால் வெறுங்காலோடு மணலில் நின்று கதவுப் பிடியைத் தொட்டால் கை சுள்ளென்கிறது. செருப்புப் போட்டால் இல்லை. டெஸ்டரைத் தகட்டில் வைத்தால் மங்கலாக எரிகிறது. வயரைக் கழற்றினால் ஒன்றும் இல்லை. கபானாக்காரரிடம் சொன்னால் "சின்ன லீக்தான், எல்லா இடத்திலும் உள்ளது" என்கிறார்.

வெளிநாட்டு வீடியோக்களில் கேம்ப் கிரவுண்டில் தூண் நட்டு, பிளக் வைத்துக் கொடுக்கிறார்கள். அங்கே இதை எப்படிச் செய்கிறார்கள்? நாங்கள் எதை மாற்ற வேண்டும்? வயரையா, பிளக்கையா, வானுக்குள் எதையாவதா?

அக்கரை_வயரிங் (அக்கரைப்பற்று):

தம்பி, அந்த வயரைக் கழற்றிவிட்டு மறுகா மிச்சத்தை வாசியுங்கள்.

செருப்போடு இல்லை, வெறுங்காலோடு உண்டு என்றால் வானின் தகடு முழுவதும் கரண்டோடு நிற்கிறது. அது நிலத்துக்குப் போக வழி தேடுகிறது, கிடைக்கும் வழி நீங்கள்தான். வீட்டு ஃபிரிட்ஜ் காய்ந்த சீமெந்துத் தரையில் நிற்கும். வான் நான்கு ரப்பர் டயரில் மணலில் நிற்கிறது, நீங்கள் கடலில் குளித்துவிட்டு ஈரக் காலோடு வந்து கதவைப் பிடிப்பீர்கள். லீக் ஒன்றுதான் என்றாலும் ஆபத்து ஒன்றல்ல.

நம் நாட்டில் மின்சார சபை வீட்டுக்குத் தருவது லைவும் நியூட்ரலும்தான். எர்த்தை வளவில் நாமே கம்பி அடித்து எடுக்க வேண்டும். அந்தக் கம்பியில் இருந்து பச்சை வயர் மெயின் போர்டுக்கும், அங்கிருந்து பிளக் பொயிண்டுக்கும், எக்ஸ்டென்ஷன் வழியாக வானின் சேசிக்கும் (இரும்பு அடிச்சட்டத்துக்கும்) முறியாமல் போக வேண்டும். உங்களுக்கு அது எங்கேயோ அறுந்திருக்கிறது. கடற்கரைப் பக்கம் நான் அடிக்கடி காண்பது, எர்த் கம்பியின் தலையில் உள்ள கிளாம்ப் உப்புக் காற்றில் துருவேறிக் கழன்று கிடப்பதுதான். வயர் வெளியில் அழகாகத் தெரியும், பிடித்து இழுத்தால் கையோடு வரும்.

உங்கள் எக்ஸ்டென்ஷனில் இரண்டு கம்பியா, மூன்றா? வானுக்குள் ட்ரிப் சுவிட்ச், அதாவது கரண்ட் கசிந்தால் தானே விழும் சுவிட்ச், உண்டா?

டொல்பின்வான்:

மூன்று கம்பி. 30 மீற்றர் ரீல், சதுர முள் 13 ஆம்பியர் பிளக். வானுக்குள் சாதாரண பிரேக்கர் இரண்டு மட்டும். கபானாவில் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறது, காட்டினார்கள். அதுதான் எனக்குக் குழப்பம். லீக் என்றால் அது விழ வேண்டாமா?

பௌதிகம்_டீச்சர் (களுவாஞ்சிகுடி):

விழாததற்குக் காரணம் உண்டு. பற்றரி சார்ஜர், இன்வேர்ட்டர் ஏசி போன்றவற்றுக்குள் மின் இரைச்சலை வடிகட்டுவதற்காக லைவில் இருந்து எர்த்துக்கு ஒன்று, நியூட்ரலில் இருந்து எர்த்துக்கு ஒன்று என்று சிறிய கொள்ளளவிகள் (கப்பாசிட்டர்) வைத்திருப்பார்கள். எர்த் சரியாக இருந்தால் அவற்றின் வழியே போகும் மிகச் சிறிய ஓட்டம் நிலத்துக்குப் போய்விடும், யாருக்கும் தெரியாது. எர்த் அறுந்தால் அந்த நடுப்புள்ளி 230க்கும் 0க்கும் இடையில் தொங்கும். அதாவது வானின் உடம்பு ஏறத்தாழ 115 வோல்டில் நிற்கும். ஆனால் அதிலிருந்து ஓடக்கூடியது சில மில்லிஆம்பியர்தான். ட்ரிப் சுவிட்ச் 30 மில்லிஆம்பியருக்கு உரியது, அதனால் அசையாது.

டிஜிட்டல் மீற்றரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை வான் தகட்டிலும் மற்றதை ஈர மணலில் குத்திய இரும்புக் கம்பியிலும் வைத்தால் 100 பக்கமாகக் காட்டும் என்று நினைக்கிறேன். 200க்கு மேல் காட்டினால் அது கொள்ளளவிக் கதை அல்ல. லைவ் வயர் எங்கோ தகட்டில் முட்டுகிறது, வானைத் தொடாமல் கரண்டை உடனே நிறுத்த வேண்டும்.

இப்போது வருவது வெறும் கூச்சம்தான். ஆனால் எர்த் இல்லை என்பதை அது காட்டிக்கொடுத்துவிட்டது. நாளைக்கு ஏசியின் கம்பிரஷரில் உண்மையான ஷோர்ட் வந்தாலும் இதே எர்த்தில்லாத நிலைதான்.

எல்லாம்தெரியும்:

டீச்சர், ட்ரிப் சுவிட்ச் இருக்கும்போது எர்த் எதற்கு? ஷோர்ட் வந்தால் அது விழத்தானே போகிறது. டெஸ்ட் பொத்தானை அமத்திப் பாருங்கள், விழுந்தால் எல்லாம் சரி. எங்கள் வீட்டு வோஷிங் மெஷினும் சுள்ளென்னும், பல வருடமாக அப்படியே கிடக்கிறது.

அக்கரை_வயரிங்:

விழும், ஆனால் எப்போது? எர்த் இருந்தால் ஷோர்ட் வந்த அந்தக் கணமே, யாரும் தொடாமலே விழும். எர்த் இல்லை என்றால் யாராவது தொட்டு, அவருடைய உடம்பு வழியே கரண்ட் நிலத்துக்குப் போன பிறகுதான் விழும். அந்த யாரோ சின்னப் பிள்ளையாக இருக்கலாம். ட்ரிப் சுவிட்ச்சே பழுதாகி ஒட்டிப்போயிருந்தால் அதுவும் இல்லை.

டெஸ்ட் பொத்தான் பற்றி இன்னொன்று. அது சுவிட்ச்சுக்குள்ளேயே ஒரு லீக்கைச் செயற்கையாக உண்டாக்கி, சுவிட்ச் வேலை செய்கிறதா என்று மட்டும் பார்க்கும். வளவில் எர்த் கம்பியே இல்லாவிட்டாலும் பொத்தானை அமத்தினால் விழும். எர்த் சோதனைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நிறையப் பேர் இதில் ஏமாறுகிறார்கள்.

மற்றப் பக்கத்தையும் சொல்கிறேன். எர்த் இருந்து ட்ரிப் சுவிட்ச் இல்லாவிட்டால் அதுவும் உதவாது. நல்லதொரு கம்பி அடித்து 100 ஓம் வந்தது என்று வையுங்கள். முழு ஷோர்ட் வந்தாலும் 230ஐ 100ஆல் பிரித்தால் 2.3 ஆம்பியர். 16 ஆம்பியர் பிரேக்கர் அதை ஒரு லைட் போட்டதாக நினைத்துச் சும்மா இருக்கும், வான் தகடு 230 வோல்டில் நிற்கும். இரண்டும் சேர்ந்துதான் வேலை.

வோஷிங் மெஷினையும் ஒருமுறை யாரையாவது கூப்பிட்டுக் காட்டுங்கள்.

லண்டன்_கல்லடிப்பாலம்:

இங்கிலாந்துக் கேம்ப்சைட் பற்றிக் கேட்டபடியால் சொல்கிறேன். காரவான் நிறுத்தும் ஒவ்வோர் இடத்துக்கும் பக்கத்தில் ஒரு தூண். அதில் மூடி போட்ட நீலப் பிளக் பொயிண்ட், 16 ஆம்பியர், மூன்று தடித்த உருண்டை முள். ஒவ்வொரு பொயிண்டுக்கும் தனித்தனி பிரேக்கர், தனித்தனி 30 மில்லிஆம்பியர் ட்ரிப் சுவிட்ச். பக்கத்துக் காரவானில் பிழை வந்தால் அவர்களுடையது மட்டும் விழும். 16 ஆம்பியர் என்றால் 3680 வோட். 10 ஆம்பியர் மட்டும் தரும் சைட்டுகளும் நிறைய உண்டு. பிரான்ஸில் சில இடங்களில் 6 ஆம்பியர்தான், கேத்தலைப் போட்டதும் விழுந்துவிடும்.

வயர் 25 மீற்றர், 2.5 சதுர மில்லிமீற்றர், ரப்பர் உறை போட்டது. ஒரு முனையில் ஆண் பிளக், மறு முனையில் பெண் கனெக்டர். வானின் உடம்பில் மூடியோடு ஒரு இன்லெட் இருக்கும், அதில்தான் செருக வேண்டும். கதவிடுக்கு வழியாக வயரை உள்ளே விடுவதில்லை.

கொளுவும் ஒழுங்கு: வானுக்குள் மெயினை ஓஃப் செய்ய வேண்டும். தூணில் சுவிட்ச் இருந்தால் அதையும். வயரை முழுக்க விரிக்க வேண்டும். முதலில் வானில் செருக வேண்டும், அதன் பிறகு தூணில். தூணை ஓன் செய்து, வானுக்குள் ட்ரிப் சுவிட்ச்சைப் போட்டு, டெஸ்ட் பொத்தானை அமத்திப் பார்த்து, பிறகுதான் ஏசி, ஃபிரிட்ஜ். கழற்றும்போது நேர் எதிர்: எல்லாம் ஓஃப், தூணில் இருந்து முதலில் கழற்றி, கடைசியாக வானில். இப்படிச் செய்தால் உயிருள்ள முனையைக் கையில் பிடித்துக்கொண்டு ஈரப் புல்லில் நடக்கும் நிலை ஒருபோதும் வராது.

டொல்பின்வான், உங்கள் 30 மீற்றர் ரீலை முழுக்க விரித்தீர்களா, சுற்றியபடியே விட்டீர்களா?

டொல்பின்வான்:

பாதி ரீலில்தான் இருந்தது. வான் கிட்டத்தான் நின்றது.

லண்டன்_கல்லடிப்பாலம்:

ரீலின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு எண் இருக்கும்: விரித்தால் இவ்வளவு வோட், சுற்றியிருந்தால் இவ்வளவு வோட் என்று. இரண்டாவது மூன்றில் ஒரு பங்கு அளவில் இருப்பது வழமை. சுற்றிய வயரில் சூடு வெளியேற இடமில்லை. ஏசி இரவு முழுக்க ஓடினால் உள் சுற்றுகள் உருகி ஒன்றோடொன்று ஒட்டிவிடும். இங்கே குளிர்காலத்தில் ஹீற்றர் போட்டே அப்படி உருகிய ரீல்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் ஊர் வெயிலில் சொல்லவே வேண்டாம்.

ஸ்காபரோ_மட்டுநகரான்:

கனடாவில் இருந்து எழுதுகிறேன். இங்கே கதை வேறு. ஒன்டாரியோ மாகாணப் பூங்காக்களில் மின்சாரம் உள்ள இடம், இல்லாத இடம் என்று பிரித்துத்தான் பதிவு செய்ய வேண்டும். தூணில் 15, 30, சில இடங்களில் 50 ஆம்பியர் பொயிண்டுகள். 30 ஆம்பியர் என்றவுடன் பெரிதாக நினைக்காதீர்கள், அது 120 வோல்ட்: 3600 வோட்தான், லண்டன்காரரின் 16 ஆம்பியருக்குக் கிட்டத்தட்ட சமம். 50 ஆம்பியரில் 120 வோல்ட் லைன் இரண்டு வரும், மொத்தம் 12,000 வோட். பெரிய பஸ் மாதிரியான வண்டிகளுக்கு அது. அதில் நியூட்ரல் லூசானால் ஒரு பக்கம் வோல்டேஜ் ஏறி டிவி, மைக்ரோவேவ் எல்லாம் கருகும். அதனால் தூணுக்கும் வயருக்கும் நடுவில் வைக்கும் காவல் பெட்டி ஒன்றை இங்கே பலரும் கொண்டு திரிகிறார்கள். வோல்டேஜ், எர்த், மாறிய லைன் எல்லாம் பார்த்து, சரி என்றால்தான் உள்ளே விடும். டொல்பின்வான் தம்பிக்கு வேண்டுமென்றால் யாரிடமாவது கொடுத்துவிடலாம்.

அக்கரை_வயரிங்:

அண்ணன், மனசுக்கு நன்றி, ஆனால் கொடுத்துவிட வேண்டாம். 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸுக்குச் செய்த பெட்டி இங்கே 230க்குச் சரிவராது. கொளுவியவுடன் அதுவே முதலில் போய்விடும். அதேபோல் அங்கத்தைய பிளக், அடப்டர் எதுவும் வேண்டாம்.

அதைவிட முக்கியம் வயரின் நிறம். அமெரிக்க, கனடா வீடியோக்களைப் பார்த்து வான் வயரிங் செய்பவர்களுக்காகச் சொல்கிறேன். அங்கே கறுப்பு லைவ், வெள்ளை நியூட்ரல். இங்கே பழைய வீட்டு வயரிங்கில் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல். புதியதில் மண்ணிறம் லைவ், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் எர்த். சோலார் பக்கத்தில் கறுப்பு நெகட்டிவ். ஒரே வானுக்குள் மூன்று விதக் கறுப்பு வயர் ஓடுவதை நான் பார்த்திருக்கிறேன். வீடியோ பார்த்துச் செய்த தம்பிக்கு எது எது என்று கேட்டால் தெரியவில்லை. நிறத்தை நம்பாமல் மீற்றர் வைத்துப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் டேப் ஒட்டி எழுதி வையுங்கள்.

ஏறாவூர்_ஹைஏஸ்:

காக்கா, ஒரு சந்தேகம். மச்சான் ஒருவர் ஜப்பானில் கேம்பராகச் செய்த ஹைஏஸ் ஒன்று வாங்கியிருக்கிறார். பின் பக்கத்தில் மூடி போட்ட இன்லெட் ஏற்கெனவே இருக்கிறது, உள்ளே தட்டை முள். அதற்கு ஏற்ற வயர் செய்து இங்கத்தைய பிளக் போட்டுக் கொடுத்தால் போதுமா?

அக்கரை_வயரிங்:

கொடுத்தால் புகை வரும். ஜப்பான் வீட்டுக் கரண்ட் 100 வோல்ட். உள்ளே இருக்கும் சார்ஜர், மைக்ரோவேவ், ஏசி எல்லாம் 100 வோல்டுக்குச் செய்தவை. ஒவ்வொரு சாமானின் லேபலையும் பாருங்கள். 100-240 என்று இருந்தால் தப்பும், 100 மட்டும் என்றால் தப்பாது. இரண்டு வழி உண்டு. ஒன்று, 230ஐ 100 ஆக்கும் ட்ரான்ஸ்ஃபோமர் வைப்பது, பாரமும் சூடும் கூட. மற்றது, சார்ஜரை 230 வோல்டுக்கு மாற்றிவிட்டு, 100 வோல்ட் சாமான்களை வானின் சொந்த 100 வோல்ட் இன்வேர்ட்டரில் பற்றரி வழியாக ஓட்டுவது. நான் இரண்டாவதைத்தான் செய்வேன். எதைச் செய்தாலும் அந்த இன்லெட்டுக்கு மேல் "100 வோல்ட் மட்டும்" என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். மச்சான் இல்லாத நேரம் வேறு யாராவது கொளுவுவார்கள்.

அலைக்கரை_கபானா (பொத்துவில்):

எங்களைப் போன்ற இடம் நடத்துபவர்களின் பக்கத்தையும் கேளுங்கள். அலை சீசனில் வான் கொண்டு வருபவர்கள் கூடிவிட்டார்கள். எல்லோரும் "ஒரு பிளக் மட்டும்" என்பார்கள். மறுகா ஏசி, ரைஸ் குக்கர், கேத்தல் எல்லாம் அதில். எங்களுக்குச் சிங்கிள் ஃபேஸ் 30 ஆம்பியர் இணைப்பு, மொத்தமே 6900 வோட். அறைகளில் ஏசி, குசினியில் ஃபிரீசர். வான் இரண்டு வந்தால் மெயின் விழுகிறது. மழைத் தூறல் வந்தாலோ வானில் ஏதோ நனைந்து ட்ரிப் சுவிட்ச் விழுந்து, குசினி, அறை எல்லாம் இருட்டு. இதற்காகவே ட்ரிப் சுவிட்ச்சைத் தவிர்த்து நேரே கொடுத்துவிட்ட இடங்களும் உண்டு. நாங்கள் அப்படிச் செய்யவில்லை, ஆனால் ஏன் செய்கிறார்கள் என்பது விளங்குகிறது.

அக்கரை_வயரிங்:

நீங்கள் சொல்வது நியாயமான கஷ்டம். ஆனால் நேரே கொடுப்பது தீர்வல்ல, பிரித்துக் கொடுப்பதுதான் தீர்வு. மெயினில் இருந்து வான் பொயிண்டுக்கென்று தனி வயர் இழுத்து, அதற்கென்று 10 ஆம்பியர் பிரேக்கரும் 30 மில்லிஆம்பியர் ட்ரிப் சுவிட்ச்சும் சேர்ந்த ஒன்றைப் போடுங்கள். வீட்டுக்கு ஒன்று, வானுக்கு ஒன்று. வானில் நனைந்தால் வான் மட்டும் இருளும். இப்போது எல்லாம் ஒரே ட்ரிப் சுவிட்ச்சுக்குப் பின்னால் இருப்பதால் அதையும் பிரிக்க வேண்டும், ஒன்றன் பின் ஒன்றாக வைத்தால் இரண்டும் சேர்ந்தே விழும்.

10 ஆம்பியர் என்றால் 2300 வோட். 9000 பிடியூ ஏசி 900 வோட் அளவு, சார்ஜர் 500, ரைஸ் குக்கர் 700. போதும். இவை எல்லாம் ஓடும்போது கேத்தலையும் போட்டால் விழும், அது அவர்களுக்கு ஒரு பாடம். சதுர முள் 13 ஆம்பியர் பிளக் இரவு முழுக்க 13 ஆம்பியர் தாங்கும் என்று நினைக்க வேண்டாம். முள் சூடாகிப் பொயிண்ட் மண்ணிறமாகப் போவதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். வான் பொயிண்டுக்கு லண்டன்காரர் சொன்ன நீலத்தையே போடுங்கள். கட்டட வேலைத்தளங்களில் பாவிப்பது அதுதான், இங்கேயும் வாங்கலாம்.

பௌதிகம்_டீச்சர்:

வயரின் தடிப்பையும் கணக்கில் எடுங்கள். மின்சார சபை தர வேண்டியது 230க்கு 6 சதவீதம் கூடக் குறைய, அதாவது 216 முதல் 244 வரை. லைன் முடிவில் உள்ள வளவுகளில் மாலையானால் அது கீழ் எல்லையில் நிற்கும். 1 சதுர மில்லிமீற்றர் வயரில் 30 மீற்றர் தூரம், 10 ஆம்பியர் எடுத்தால் வயரிலேயே 13 வோல்ட் போய்விடும். ஏசிக்குக் கிடைப்பது 203. கம்பிரஷர் முக்கி முனகித் தொடங்கும். 2.5 வயரில் அதே தூரத்துக்கு 5 வோல்ட்தான் இழப்பு.

டொல்பின்வான்:

காக்கா, டீச்சர், மிக்க நன்றி. ஒரு கேள்வி. எல்லா இடத்திலும் எர்த்தை நம்ப முடியாது என்றால், வானோடு ஒரு சின்னக் கம்பியைக் கொண்டுபோய், நிறுத்தும் இடத்தில் அடித்துச் சேசியோடு இணைத்தால் என்ன? இன்னொரு நண்பர் வேறு வழி சொன்னார்: பிளக்குக்குள் எர்த் முள்ளையும் நியூட்ரலையும் சின்ன வயரால் இணைத்துவிடு, சுள்ளென்பது உடனே நிற்கும் என்று.

அக்கரை_வயரிங்:

அந்த நண்பர் சொன்னதைச் செய்யவே வேண்டாம். சுள்ளென்பது நிற்கும், உண்மை. ஆனால் நியூட்ரல் எங்காவது லூசானால், அல்லது பொயிண்டில் லைவும் நியூட்ரலும் மாறியிருந்தால், வான் முழுவதும் நேரடியாக 230. தொடும் கையை அது விடாது.

கம்பி பற்றி டீச்சர் கணக்குப் போட்டுச் சொல்வார்.

பௌதிகம்_டீச்சர்:

போட்டுப் பார்த்தேன். காய்ந்த மணலின் தடைத்திறன் 1000 ஓம்-மீற்றர் என்று வைத்தால், இரண்டு அடிக் கம்பி 1300 ஓம் பக்கமாகத் தரும். நான்கு அடிக் கம்பி 700, எட்டு அடி 400. அதே இரண்டு அடிக் கம்பியை உவர்நீர் ஊறிய, 50 ஓம்-மீற்றர் மணலில் அடித்தால் 70 ஓமுக்குள் வரும். ஆழத்தைவிட ஈரம்தான் பெரிய வித்தியாசம் செய்கிறது.

30 மில்லிஆம்பியர் ட்ரிப் சுவிட்ச்சுக்கு, தகடு 50 வோல்டைத் தாண்டாமல் விழ வேண்டுமானால் எர்த் 1667 ஓமுக்குள் இருக்க வேண்டும். காரவானுக்கு 25 வோல்ட் என்று எடுப்பது பாதுகாப்பு, அப்போது 833. ஆனால் 200க்கு மேல் போனால் எர்த் நிலையாக நிற்காது என்பது வயரிங் விதி நூல்களின் பொதுவான எச்சரிக்கை. மாரியில் அடித்த கம்பி ஆடி மாத வெயிலில் காய்ந்துவிடும். நம் பக்கத்தில் வான்கள் வருவது அந்தக் காய்ந்த மாதங்களில்தான்.

ஆக இரண்டு அடிக் கம்பி இருக்கும் எர்த்தோடு கூடுதலாக இருக்கலாம். அதை மட்டும் நம்பி இரவைக் கழிக்கக் கூடாது.

அக்கரை_வயரிங்:

நான் உங்கள் வானுக்குச் செய்வது இதுதான். வெளியில் நீல இன்லெட். அதற்குப் பின்னால் லைவையும் நியூட்ரலையும் சேர்த்து வெட்டும் பிரேக்கர், 30 மில்லிஆம்பியர் ட்ரிப் சுவிட்ச், ஏ வகை (சார்ஜர் போன்ற மின்னணுச் சாமான்களின் லீக்கையும் காணும் வகை). இன்லெட்டின் எர்த்தில் இருந்து சேசிக்கு 4 சதுர மில்லிமீற்றர் பச்சை-மஞ்சள் வயர், பெயின்ற் சுரண்டி, போல்ட் போட்டு. இன்வேர்ட்டரும் வெளிக் கரண்டும் ஒரே நேரத்தில் ஒரே லைனுக்கு வராதபடி, லைவையும் நியூட்ரலையும் சேர்த்து மாற்றும் சேஞ்ஓவர் சுவிட்ச். பிளக்கைக் கையால் மாற்றிக் கொளுவுவது, இரண்டு பக்கமும் ஆண் முள் உள்ள வயர் செய்வது எல்லாம் ஆளைக் கொல்லும் வேலை.

வானுக்குள் உள்ள ட்ரிப் சுவிட்ச் வானுக்குள் வரும் பிழையைத்தான் பார்க்கும். பொயிண்டில் இருந்து வான் வரை மணலில் கிடக்கும் 25 மீற்றர் வயரை அது பார்க்காது. நாய் கடிக்கும், ஆட்டோ ஏறும். அதற்காகப் பொயிண்ட் முனையில் செருகும் சின்ன ட்ரிப் பிளக் ஒன்றைக் கையோடு வைத்திருங்கள். மூன்று லைட் உள்ள பொயிண்ட் டெஸ்டரும் வாங்குங்கள். லைன் மாறியதையும் எர்த் அறுந்ததையும் அது காட்டும். எர்த் 50 ஓமா 5000 ஓமா என்பதைக் காட்டாது. எல்லாம் சரி என்று எரிந்த பிறகும் மீற்றரால் தகட்டைப் பாருங்கள்.

எல்லாம்தெரியும்:

இவ்வளவு செலவழித்துக் கேம்பர் ஓட்டுவதைவிட அறை எடுத்துப் படுக்கலாமே.

டொல்பின்வான்:

அறையில் இருந்து கொண்டு விடியக்காலை கடலைப் பார்க்க முடியாதே அண்ணன்.

நேற்று அதே கபானாவுக்குத் திரும்பப் போனோம். மீற்றர் வைத்தால் 108 வோல்ட். உரிமையாளரும் நின்று பார்த்தார், முகம் மாறிவிட்டது. மெயின் போர்டில் இருந்து வரும் எர்த் வயரைப் பின்தொடர்ந்தால், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கம்பியும் கிளாம்பும் தனித்தனியே. காக்கா சொன்னதேதான். அவர்களின் வயரிங்காரர் வந்து புதிய கம்பியைத் தண்ணீர் ஊறும் ஆழம் வரை அடித்து, பித்தளைக் கிளாம்ப் போட்டார். இப்போது 2 வோல்ட்டுக்கும் குறைவு, சுள்ளென்பது இல்லை. உள்ளே ட்ரிப் சுவிட்ச், இன்லெட் வேலைக்கு வானைக் கராஜில் விட்டிருக்கிறோம்.

கல்குடா_தென்னங்காணி:

இத்தனையையும் வாசித்துக்கொண்டே இருந்தேன். கல்குடாவில் ஒன்றரை ஏக்கர் தென்னங்காணி இருக்கிறது. நான்கு வான் நிற்க இடம் விட்டு, தூண் நட்டு முறையாகக் கரண்ட் கொடுக்கலாம் என்று யோசனை. மண் முழுக்க மணல். என்னென்ன பார்க்க வேண்டும்?

லண்டன்_கல்லடிப்பாலம்:

இங்கத்தைய விதிப்படி பொயிண்ட் நிலத்தில் இருந்து அரை மீற்றருக்கும் ஒன்றரை மீற்றருக்கும் இடையில் இருக்க வேண்டும். வெள்ளம் வரும் இடத்தில் அதைவிட உயர்த்தலாம் என்றும் அதே விதியில் இருக்கிறது. உங்கள் மாரி மழையை யோசித்து உயரத்தை முடிவு செய்யுங்கள். நிறுத்தும் இடத்தில் இருந்து தூண் 20 மீற்றருக்கு மேல் தள்ளி இருக்கக் கூடாது. கேபிள் 60 சென்ரிமீற்றராவது ஆழத்தில், வான் நிற்கும் இடத்துக்கும் கூடாரக் கட்டை அடிக்கும் இடத்துக்கும் வெளியே போக வேண்டும்.

அக்கரை_வயரிங்:

நான்கு தூண், ஒவ்வொன்றும் 10 ஆம்பியர் என்றால் 40. வீட்டின் சிங்கிள் ஃபேஸ் 30இல் இருந்து கொடுக்க நினைக்க வேண்டாம், த்ரீ ஃபேஸுக்கு விண்ணப்பியுங்கள். பக்கத்துப் பக்கத்துத் தூண்களுக்கு வேறு வேறு ஃபேஸ் கொடுத்தால், ஒருவர் வயரை மற்றவர் வானில் கொளுவும் விளையாட்டு வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தூணுக்கு இலக்கம் எழுதுங்கள். தென்னையில் வயரைக் கட்டி இழுப்பது வேண்டாம், ஓலை விழும், தேங்காய் விழும்.

எர்த் கம்பியை இப்போதே வாங்கி அடுக்காதீர்கள். உங்கள் கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது, கோடையில் எவ்வளவு இறங்குகிறது என்று முதலில் சொல்லுங்கள். கம்பி அதற்குக் கீழே போக வேண்டும். எனக்கு அக்கரைப்பற்றில் இருந்து கல்குடா தூரம். ஓட்டமாவடியில் என் மருமகன் இதே தொழில், உரிய அனுமதியும் எர்த் அளக்கும் மீற்றரும் வைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு வந்து அளக்கச் சொல்கிறேன்.

கல்குடா_தென்னங்காணி:

கிணறு இப்போது ஏழு அடி. கோடையில் பத்து, பதினொன்று வரை இறங்கும். வெள்ளி பின்னேரம் வளவில்தான் நிற்பேன், வரச் சொல்லுங்கள்.